கார் பிடிக்கிற அபூதாஹிர்

கிண்ணியாத் துறையில் பாலம் இல்லாத காலம் அது. லொறியோ, காரோ, மாட்டுக்கரத்தையோ, எதுவானாலும் பாதையில் ஏறித்தான் அக்கரை சேர வேண்டும். வாகனங்களை ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் அகன்ற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். அந்தப் பாதையில் வேலை பார்த்தவர்தான் அபூதாஹிர். வாகனம் ஏறும்போது பலகை போடுவார். ஏறி நின்றதும் சில்லுக்கு அடியில் கட்டை வைப்பார். அக்கரையில் இறங்கும்போது, "மெதுவா, மெதுவா, அல்லாஹ் காவல்" என்று பின்னால் நின்று சொல்லி அனுப்புவார்.

லொறி ஏறினால் பாதை ஒரு பக்கம் சாய்ந்து முனகும். பஸ் ஏறினால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சின்னக் கார் ஏறினால் மட்டும் பாதைக்குத் தெரியவே தெரியாது. பூனை வந்து மடியில் ஏறிப் படுத்ததுபோல அது பாட்டில் ஓர் ஓரமாக நிற்கும். அந்த நேரம் அபூதாஹிரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பேபி ஒஸ்டின், மொரிஸ் மைனர், குட்டிப் பியட், எது வந்தாலும் தோளில் கிடக்கும் துவாயை எடுத்து அதன் முன்விளக்குகளைத் துடைத்துவிடுவார்.

"ஏன் காக்கா விளக்கை மட்டும் துடைக்கிறீங்க?" என்று சாரதிமார் கேட்பார்கள். அண்ணனைக் காக்கா என்றுதான் எங்கள் பக்கத்தில் கூப்பிடுவோம்.

"கண்ணில தூசு கிடந்தா அதுக்கு எப்படிப்பா வழி தெரியும்?" என்பார்.

அவரிடம் ஒரு கமரா இருந்தது. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, துறைமுகத்தில் வேலை செய்த அவருடைய மச்சான், அவர்கள் கழித்துவிட்ட சாமான்களுக்குள் கிடந்த கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "திறந்து பாத்தன், உள்ளுக்கு ஒண்டுமில்ல, வெறும் பெட்டி. வெத்திலை போட்டு வைக்கலாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அது பெட்டிக் கமரா என்று அபூதாஹிருக்குத் தெரியும். வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மேலே உள்ள சின்னக் கண்ணாடிக்குள் பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். வெள்ளைக்காரர் அப்படி எடுப்பதைத் துறையில் நின்று பார்த்திருக்கிறார்.

ஆனால் அவருக்குள் ஒரு கூச்சம் இருந்தது. உயிருள்ளதைப் படமாக்கலாமா? மனசு கேட்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போய் ஆலிம்சாவிடம் விசாரித்தார்.

"அதில கருத்து ரெண்டு மூணு இருக்கு" என்றார் ஆலிம்சா. "தேவைக்கு எடுத்தாக் குற்றமில்ல எண்டு சொல்றவங்களும் இருக்காங்க. உங்கட மனசு என்ன சொல்லுது?"

"மனசு ஓமெண்டு சொல்லல்ல, ஹஸரத்."

"அப்ப மனிசரை விட்டிருங்க. மலை இருக்கு, குளம் இருக்கு, அதுகளை எடுங்க."

"கார் எடுக்கலாமா ஹஸரத்?"

ஆலிம்சா சிரித்துவிட்டார். "எடுங்க. காருக்கு ரூஹ் இல்ல, உயிரில்லாத சாமான்தானே."

அன்றோடு அபூதாஹிரின் பாரம் இறங்கியது. பாதையில் நிற்கும்போது வேலையை விட்டுப் படம் எடுக்க ஏலாது. அது நம்பி ஒப்படைத்த அமானிதம். அதனால் லீவு கிடைக்கிற நாட்களில் துறையைக் கடந்து, பஸ் ஏறிக் கந்தளாய்க்குப் போய்விடுவார். அங்கே அவருடைய மூத்த சகோதரி, ராத்தா, குடியிருந்தார். ராத்தா வீட்டில் தேத்தண்ணி குடித்த கையோடு குளக்கட்டுக்கு நடந்துவிடுவார். தூரத்துப் பயணம் போகிற கார்கள் எல்லாம் அந்தக் கட்டில்தான் நின்று இளைப்பாறும். எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், முகம் கழுவுவார்கள், சோற்றுப் பார்சலை அவிழ்ப்பார்கள். பின்னால் குளம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். முன்னால் ஒரு சின்னக் கார். இதைவிட அவருக்கு வேறு என்ன வேண்டும்?

கமராவைக் கண்டதும் வந்தவர்கள் தலையை வாரிக்கொண்டு காருக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். அபூதாஹிர் பணிவாக, "குறை நினைக்காதீங்க, கொஞ்சம் ஒதுங்குங்க, காரை மட்டுந்தான்" என்பார். சிலருக்கு ரோசம் வரும். சிலர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒதுங்கத்தான் செய்வார்கள்.

படங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். பெருநாளைக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். படம் பிடிக்கிறவர் என்று சொல்வதற்குப் பதிலாகக் கிண்ணியாவில் அவரைக் கார் பிடிக்கிறவர் என்று சொல்லத் தொடங்கினார்கள். "எங்க காக்காவைக் காணல்ல?" என்று யாராவது கேட்டால், "கந்தளாய்க்குக் கார் பிடிக்கப் போயிட்டார்" என்று பதில் வரும். அவரிடம் எத்தனை படம் என்று கேட்கமாட்டார்கள். "காக்காவிட்ட இப்ப எத்தனை கார்?" என்றுதான் கேட்பார்கள். ஊருக்குள் எல்லோருக்கும் விளங்கிய கதை. அதனால் ஒருவருக்கும் கேடில்லை.

அறுபத்திரண்டில் அவருக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கச்சிமாருக்கு வீடு கட்டி, ஒவ்வொருவராகக் கரை சேர்க்கும் வரைக்கும் தன்னைப் பற்றி அவர் நினைத்ததில்லை. கடைசித் தங்கச்சியும் தன் வீட்டுக்குப் போன பிறகு, உம்மாவும் வாப்பாவும் இல்லாத அந்த வீட்டில் தனக்குத் தானே சோறு போட்டுச் சாப்பிடுவது அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது. அப்போதுதான் வீடு வீடாகப் புடவை விற்கும் சுபைதா சாச்சி மூதூரில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். பெயர் ஸல்ஹா. பன் புல்லால் பாய் பின்னுவதில் கெட்டிக்காரி. வாப்பா ஸைனுலாப்தீன் மாட்டு வியாபாரி.

"அந்தப் புள்ள உங்களப் பத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டிச்சு மனே" என்றார் சாச்சி.

"என்ன கேட்டா?"

"அவர் கோபக்காரரா எண்டு கேட்டிச்சு."

அபூதாஹிர் அன்று முழுவதும் பாதையில் நின்று அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தார். வீடு உண்டா, காணி உண்டா என்று கேட்காமல், கோபக்காரரா என்று கேட்ட ஒருத்தி. அவளையே தனக்கு எழுதிவைக்கும்படி அஸர் தொழுகையில் கேட்டார். இதற்கு முன் தனக்கென்று ஒன்றை அவர் அப்படி இரந்து கேட்டதில்லை.

சுபைதா சாச்சி மூதூருக்குப் போய் மாப்பிள்ளையின் குணத்தைச் சொன்னார். ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. "பாதையில வேலை. அஞ்சு நேரமும் தொழுவார். பீடி, சுருட்டு ஒண்டுமில்ல. லீவு கிடைச்சாக் கந்தளாய்க்குப் போய்க் கார் பிடிப்பார், அது ஒண்டுதான் பைத்தியம். சின்னக் காராப் பாத்துப் பிடிப்பார். இப்ப அவரிட்ட ஒரு இருபது கார் வரும்" என்றார்.

மாட்டு வியாபாரிக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஈச்சிலம்பற்றுக்கும் வெருகலுக்கும் போய் மாடு பிடித்து வந்து விற்கிறவர் ஸைனுலாப்தீன். அவருடைய தொழிலில் பிடிக்கிறது என்றால் பார்த்து, பேசி, வாங்குகிறது. தான் மாடு பிடிப்பதுபோல மருமகன் கார் பிடிக்கிறார் என்று அவர் விளங்கிக்கொண்டார். இருபது கார் என்றதும் வெற்றிலையை மெல்லாமல் அப்படியே இருந்துவிட்டாராம்.

அடுத்த கிழமை நாலைந்து எருதுகளை அக்கரைக்குக் கொண்டுபோக அவரே கிண்ணியாத் துறைக்கு வந்தார். பாதை நடுத்தண்ணீரில் போய்க்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் பக்கத்தில் வந்து நின்றார்.

"மருமகன், நீங்க சின்னக் கார் மட்டுந்தான் பிடிக்கிறதாம்?"

"ஓம் மாமா. பெரிசு எனக்கு அடங்காது. தலை வந்தா வால் வராது."

"அது சரி. எனக்கும் அப்படித்தான், பெரிய எருமையெண்டாக் கையில அடங்காது. பிடிக்கக்குள்ள முதல்ல என்னத்தைப் பாப்பீங்க?"

"முகத்தை. பிறகு நிக்கிற நிலையை. வெயில் எந்தப் பக்கமெண்டும் பாக்கணும்."

ஸைனுலாப்தீன் தலையைத் தலையை ஆட்டினார். "தொழில் தெரிஞ்ச பேச்சு! வெயில்ல விட்டுப் பாத்தாத்தான் குற்றங்குறை தெரியும். அப்ப எனக்கும் ஒண்டு பிடிச்சுத் தருவீங்களா?"

அபூதாஹிருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன்னுடைய படத்தைப் பெண்ணின் வாப்பாவே கேட்கிறாரே! "அதுக்கென்ன மாமா? வாற லீவுக்கே பிடிச்சிட்டு வாறன்."

"என்ன நிறம் கிடைக்கும்?"

"கறுப்பு வெள்ளைதான் மாமா. மத்த நிறமெல்லாம் எனக்குச் சரிவராது."

"கறுப்பு போதும். கறுப்பெண்டா ஒரு கௌரவந்தான். என்ன விலை வரும்?"

"சீ! உங்களிட்ட விலை பேசுவனா? இது என்ட அன்பளிப்பு. கண்ணாடியெல்லாம் புதுசாப் போட்டே கொண்டுவாறன்."

ஸைனுலாப்தீனுக்குக் கண் கலங்கிவிட்டது. எருதுகளை அக்கரையில் இறக்கும்போது ஒன்று அவருடைய காலை மிதித்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஊருக்குப் போன உடனே வீட்டு வளவுக்குள் தென்னோலைக் கிடுகு வேய்ந்து ஒரு கொட்டில் கட்டினார். வழியில் போனவர்கள் கேட்க முதலே, "மருமகன் கார் கொண்டு வாறார்" என்று சொன்னார். பக்கத்து வீட்டு அலியார் மட்டும், "பாதையில வேலை செய்றவருக்கு ஏது காக்கா கார்?" என்று கேட்டார். "உமக்கென்ன தெரியும்? இருபதில ஒண்டு தாறார்" என்று அவருடைய வாயை அடைத்துவிட்டார் ஸைனுலாப்தீன்.

அபூதாஹிர் புதுப் பிலிம் போட்டுக்கொண்டு கந்தளாய்க்குப் போனார். வழக்கமாக எது வந்தாலும் ஆசையாகப் பிடிக்கிறவர், அன்று ஒவ்வொரு காராகக் கழித்தார். ஒன்றில் மட்காட் நெளிந்திருந்தது. ஒன்றின் மேல் மெத்தை கட்டியிருந்தது. லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது கட்டில் ஒரு கறுப்பு மொரிஸ் மைனர் நின்றது. திருகோணமலையில் படிப்பிக்கிற பேணாட் மாஸ்டரும் அவருடைய மனைவி கிறேஸும் மர நிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அபூதாஹிர் சலாம் சொல்வதுபோல நெஞ்சில் கைவைத்து விஷயத்தைச் சொன்னார். கலியாண விஷயம் என்றதும் மாஸ்டர் எழும்பிவிட்டார்.

"பெண்ணின்ர தகப்பனுக்கு எங்கட சின்னக்குட்டியின்ர படமோ? அப்ப குளிப்பாட்டித்தான் எடுக்கவேணும்" என்று வாளியைத் தூக்கினார். காருக்கு அவர் வைத்த பெயர் சின்னக்குட்டி.

"இந்தக் காருக்குக் காட்டுற பாசத்தில அரைவாசி எனக்குக் காட்டினா நான் எப்பவோ மோட்சம் போயிருப்பன்" என்றார் கிறேஸ்.

"நீர் போனா எனக்கு ஆர் சமைக்கிறது?" என்றார் மாஸ்டர்.

புருசனும் பெண்சாதியும் குளத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் காரைக் கழுவினார்கள். அபூதாஹிர் தன் துவாயால் துடைத்தார். கதவு கறுப்புக் கண்ணாடிபோல மினுங்கியது. பிறகு மாஸ்டரும் கிறேஸும் ஒதுங்கிக்கொள்ள, அபூதாஹிர் கமராவை வயிற்றோடு அணைத்து, குனிந்து, பிஸ்மி சொல்லி, மூச்சை அடக்கிக்கொண்டு விசையைத் தட்டினார்.

திருகோணமலையில் கழுவி, பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கினார். குளமும் காரும் அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தன. விளக்குக் கண் இரண்டும் சிரித்தன. அதற்கு மேல் அவர் எதையும் பார்க்கவில்லை. சட்டத்தைத் தான் உடுத்துப் பழசான சாரத்தில் சுற்றிக் கைக்குள் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு துறையாகக் கடந்து மூதூருக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஸைனுலாப்தீன் வீட்டு ஒழுங்கையில், வேலியோரமாக ஒரு கூட்டம் நின்றது. எல்லோரும் அவருக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்கள்.

"மருமகன், கார் எங்க? சந்தியில விட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார் ஸைனுலாப்தீன்.

"இல்ல மாமா, இந்தா" என்று சாரத்தை அவிழ்த்துச் சட்டத்தை இரண்டு கையாலும் நீட்டினார் அபூதாஹிர். அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பு.

அலியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "காக்கா, கொட்டில் போதுமா? இன்னும் கொஞ்சம் பெருப்பிக்கணுமா?"

கூட்டம் சிரித்தது. ஸைனுலாப்தீனின் முகம் கறுத்தது. "உள்ளுக்கு வாங்க" என்றார். வாசல் தாண்டியதும் வெடித்தார். "என்ன விளையாட்டு இது? மாடு பிடிச்சுத் தாறனெண்டு சொன்னவன் மாட்டுப் படத்தோடயா வருவான்? இருபது கார் எண்டாளே அந்தச் சுபைதா, பொய்க்காரி!"

அப்போதுதான் அபூதாஹிருக்குப் பாதையில் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. அந்தக் கொட்டிலை ஜன்னல் வழியாகப் பார்த்தார். பச்சைக் கிடுகு இன்னும் காயவில்லை. உள்ளே நிலத்தைச் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள்.

"சாச்சி பொய் சொல்லல்ல மாமா" என்றார். "எங்கட ஊரில அப்படித்தான் சொல்லுவாங்க. படம் பிடிக்கிறதைத்தான் கார் பிடிக்கிறதெண்டு சொல்றது. நீங்க வேற மாதிரி விளங்குவீங்களெண்டு எனக்குத் தோணல்ல."

"தோணல்லயா? ஊர் சிரிக்குது!" ஸைனுலாப்தீன் விடவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். பாதையில் கட்டை வைக்கிறவனுக்குப் பெண் கேட்ட துணிச்சலைச் சொன்னார். நரைத்த தாடியைச் சொன்னார். அபூதாஹிர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏசி முடித்துத் தண்ணீர் குடிக்கும் வரைக்கும் காத்திருந்தார்.

"மாமா, நீங்க நினைச்ச மாப்பிள்ளை நானில்ல. என்னிட்ட ஒரு கமராவும் ஒரு டின் படமும் இருக்கு. பாதையில தொழில் இருக்கு. வேற ஒண்டுமில்ல. தெரியாத்தனமா உங்களை ஊருக்கு முன்னால தலைகுனிய வச்சிட்டன், அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க. பிழையான நினைப்பில ஒரு பிள்ளையைக் கட்டித் தரச் சொல்லிக் கேக்க எனக்கு ஏலாது. நீங்க வேணாமெண்டா எனக்கு ஒரு மனக்குறையும் இல்ல."

அவர் சொன்னதெல்லாம் உண்மை. மனக்குறை இல்லை என்ற அந்தக் கடைசிச் சொல் மட்டுந்தான் உண்மை இல்லை. சட்டத்தை அங்கே கிடந்த கதிரையில் வைத்துவிட்டு வெளியே போகத் திரும்பினார்.

உள்ளேயிருந்து சீலைத் திரையை விலக்கிக்கொண்டு ஸல்ஹாவின் உம்மா வந்தார். படத்தை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார். பிறகு திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவதும், அடக்க ஏலாமல் சிரித்துவிடுவதும் கேட்டது. சீண்டிச் சிரிக்கிற சிரிப்பில்லை. சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு.

உம்மா மறுபடி வெளியே வந்தார். "இஞ்ச பாருங்க. இந்தக் கதவுக்குள்ள ஒரு ஆள் நிக்கிறாராம். புள்ள காட்டுது."

ஸைனுலாப்தீன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கழுவித் துடைத்த அந்தக் கறுப்புக் கதவில் சாரமும் தொப்பியுமாக ஒரு மனிதர். வயிற்றில் ஒரு பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

"வயித்து வலிக்காரன் மாதிரி நிக்கிறது ஆரிது?" என்று கேட்டவர், நிமிர்ந்து எதிரில் நின்றவரைப் பார்த்தார்.

அபூதாஹிர் எட்டிப் பார்த்தார். "அஸ்தஃபிருல்லாஹ்! நான் பிடிக்கல்ல மாமா. சத்தியமா எனக்குத் தெரியாது. அதுவா விழுந்திருக்கு."

"விழுந்தது நல்லதாப் போச்சு" என்றார் உம்மா. "மாப்பிள்ளையை அந்தப் புள்ள இன்னும் கண்டதில்லயே. நீங்க இவ்வளவு ஏசியும் ஒரு சொல் திருப்பிச் சொல்லல்லயாம், அதையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திச்சு." பிறகு குரலைத் தணித்து, "வாப்பாக்கு வேணுமெண்டா வாப்பா கார் வாங்கட்டுமாம். அவளுக்குக் கதவில நிக்கிற ஆள் போதுமாம்" என்றார்.

ஸைனுலாப்தீன் படத்தைப் பார்த்தார். கொட்டிலைப் பார்த்தார். வேலிக்கு மேலால் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற அலியாரைப் பார்த்தார். மாடு பிடிக்கப் போகிற இடத்தில் ஒன்றைப் பிடிப்பதா விடுவதா என்று யோசிக்கும்போது இருப்பதுபோலவே அவருடைய முகம் இருந்தது.

"சஹனை வையுங்க" என்றார் கடைசியில்.

பெரிய தட்டு ஒன்றில் சோறும் இறைச்சியும் வைத்து, சுற்றியிருந்து எல்லோரும் ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவதுதான் சஹன். அந்நியரோடு ஒருவரும் சஹனில் இருப்பதில்லை. பாயை விரித்து, தட்டை நடுவில் வைத்தார்கள். சஹனுக்கு ஆள் போதாது. ஸைனுலாப்தீன் வேலிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அலியார்! அங்க நிண்டு என்ன பாக்குற? வா, வந்து மருமகனோட இரி."

அலியார் கால் கழுவிக்கொண்டு வந்து, சிரிக்கவும் ஏலாமல் சிரிக்காமல் இருக்கவும் ஏலாமல் ஓரத்தில் குந்தினார். அபூதாஹிர் இன்னும் நின்றபடியே இருந்தார். தண்ணீர்ச் செம்பையும் கை கழுவும் படிக்கத்தையும் எடுத்து ஸைனுலாப்தீனே அவருக்கு முன்னால் நீட்டினார். அவருடைய கையில் தண்ணீரை ஊற்றினார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மாமனார் தன் பக்கம் கிடந்த நல்ல இறைச்சித் துண்டொன்றைச் சோற்றோடு சேர்த்து எதிர்ப்பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுங்க மருமகன். ஆறப்போகுது."

திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் ஒன்று கேட்டு நின்றது. அபூதாஹிர் பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தார்.